கோர்ட்டு செட்டு

பாண்டீஸ்வரி நைட்டி போட்டுக்கொண்டு வேலை பார்த்ததில் அந்தத் தெருவில் யாருக்கும் எந்தக் குறையும் இருந்ததில்லை. நைட்டிக்கு மேல் ஒரு துண்டு போட்டுவிட்டால் ராஜபாளையத்தில் அது முழு உடுப்பு. காய்கறி வண்டி, மாவு மில், ரேஷன் கடை, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரை எட்டிப் பார்ப்பது வரைக்கும் அதிலேயே முடித்துவிடலாம். துண்டு இல்லாமல் வாசலைத் தாண்டினால்தான் எதிர்வீட்டுப் பாலம்மாளுக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும். அந்தச் சந்தோஷத்தைப் பாண்டீஸ்வரி ஆறு வருசமாக அவளுக்குத் தந்ததில்லை.

அவள் வேலை இதுதான். ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள் இன்சூரன்ஸுக்கு அனுப்பும் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து படிக்க வேண்டும். ஒரு கையெழுத்து குறைகிறதா, ஒரு தேதி மாறியிருக்கிறதா என்று தேட வேண்டும். தேடினால் கிடைக்காமல் போகாது. கிடைத்ததும், கேட்டதைத் தர இயலாது என்று தமிழில் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். சென்னையில் நலச்சுடர் கிளெய்ம் சர்வீஸ் என்று ஒரு கம்பெனி. கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தபடியே அதில் சேர்ந்தவள், ஆபீஸ் கட்டடத்தை இன்றுவரை படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

அந்த வேலை வீட்டில் இருந்ததால்தான் வீடு ஓடியது. புருஷன் வேல்சாமி பட்டாளத்தில். மார்கழியில் வருவான், பொங்கல் கழிந்ததும் போவான். மாமனார் சிவனாண்டி நூற்பாலையில் முப்பத்திரண்டு வருசம் ஷிப்டு பார்த்தவர்; மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவரை இடது பக்கம் இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து கட்டில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். இரண்டு கிளெய்முக்கு நடுவே எழுந்துபோய்ப் பாண்டீஸ்வரி திருப்பிவிட்டு வருவாள். கையும் காலும்தான் கிடையில் இருந்தனவே தவிர, காது நன்றாக நடமாடிக்கொண்டிருந்தது. மருமகளின் மீட்டிங்குகளைக் கேட்டுக் கேட்டே சென்னை அதிகாரிகள் அத்தனை பேரையும் குரலை வைத்து அடையாளம் சொல்வார்.

அந்தக் கடிதத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சேர்ந்த புதிதில், தமிழில் அடிக்கத் தெரிந்தவர் சென்னையில் யாரும் இல்லையென்று மாதிரிக் கடிதத்தைப் பாண்டீஸ்வரியே அடித்துக் கொடுத்தாள். 'தங்கள் நிலையை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். எனினும் விதிமுறைகளின்படி தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை. இதற்காக மிகவும் வருத்துகிறோம்.'

அப்போது நன்றாக நடமாடிக்கொண்டிருந்த சிவனாண்டிதான் அதைப் படித்துவிட்டுச் சொன்னார். "ஏத்தா, வருந்துகிறோம்னுல்ல வரணும்? வருத்துகிறோம்னு போட்டிருக்கே. அவனைப் போட்டு வதைக்கோம்னுல்ல அர்த்தம் வருது!"

பதறிப்போய்க் கம்பெனிக்கு எழுதினாள். பதில் வந்தது: கடிதம் ஆறு அதிகாரிகளின் ஒப்புதல் பெற்றுவிட்டது, ஒரு எழுத்தை மாற்றுவதென்றாலும் அதே ஆறு பேரும் கையெழுத்திட வேண்டும், அவர்களில் இருவர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், ஒருவர் காலமாகிவிட்டார், எனவே பிழையைத் தொடரவும். தொடர்ந்தாள். ஒரு நாளைக்கு முப்பது பேரை வருத்தினாள். கூமாப்பட்டியிலிருந்து ஒருத்தர் போன் போட்டு, "வருத்துறதுன்னு முடிவு பண்ணிட்டிய, சரி. அதை எழுத்துல வேற குடுக்கணுமாம்மா?" என்று கேட்டார். அவரிடம் பாண்டீஸ்வரி வாயாலேயே வருந்தினாள். கம்பெனிக்குத் தெரியாமல்தான்.

சித்திரை வெயிலில் சனி பிடித்தது.

இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்த மீட்டிங். கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தெருவில் கேஸ் வண்டிச் சத்தம் கேட்கவும் அடித்துப் பிடித்து எழுந்தாள். முழங்கை எதிலோ பட்டு கேமராவும் மைக்கும் உயிர்த்துக்கொண்டன. பெரிய பெரிய சூரியகாந்திப் பூப்போட்ட நைட்டி, தோளில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு, "ஏ சிலிண்டரு, செத்த நில்லுப்பா!" என்ற கூப்பாடு எல்லாமாகச் சேர்ந்து இருநூற்றுப் பதினான்கு வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

கௌதம்ராஜ் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். வீட்டிலிருந்து பார்க்கும் வேலைக்குக் கம்பெனியில் இல்லப்பணி என்று பெயர். இல்லப்பணி மாண்புத் துறையின் தலைவர் அவர். அப்படி ஒரு துறை இருப்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

"பாண்டீஸ்வரி, உங்க தோள்ல இருக்கிறது என்ன?"

"துண்டு சார்."

"அது எதுக்கு?"

தென்மாவட்டத்தில் இதுவரை யாரும் யாரிடமும் கேட்டிராத கேள்வி. யோசித்துப் பார்த்தாள். "சும்மா… ஒரு மரியாதைக்கு சார்."

அடுத்த வாரமே 'இல்லப்பணி உடை வசதிக் கொள்கை' வந்துவிட்டது. நாற்பத்தொரு பக்கம். 'நமது ஊழியர்கள் வசதியாக இருக்க வேண்டும் என்பதில் நிர்வாகம் மிகவும் கண்டிப்பாக இருக்கிறது' என்று தொடங்கியது. இனி வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் மேலுடையும் கீழுடையும் ஒரே துணியில், ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். தளர்வாக இருக்க வேண்டும், ஆனால் தொளதொளப்பாக இருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் உணர்வைத் தர வேண்டும், ஆனால் வீட்டில் இருப்பதுபோல் தெரியக் கூடாது. துண்டுக்கு மட்டும் தனியாக ஒன்றரைப் பக்கம். வசதியாக இல்லாதவர்களுக்கு அசௌகரியக் குறிப்பு வழங்கப்படும். மூன்று குறிப்பு சேர்ந்தால் இல்லப்பணி ரத்து. அடுத்த திங்கட்கிழமை சென்னை அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

கடைசி வரியைப் பாண்டீஸ்வரி இரண்டு தடவை படித்தாள். பிறகு உள்ளே போய், நேரமாகாமலேயே மாமனாரை ஒரு தடவை திருப்பிப் போட்டாள்.

காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் கேமரா முன்னால் எழுந்து நின்று உறுதிமொழி சொல்ல வேண்டியிருந்தது. 'நான் என் இல்லத்தில், என் விருப்பப்படி, நிர்வாகம் விரும்பும் உடையில், எவ்விதக் கட்டாயமும் இன்றி, கட்டாயமாக வசதியாக இருப்பேன்.' ஒரு வாரத்தில் சிவனாண்டிக்கு அது மனப்பாடமாகிவிட்டது. கட்டிலில் கிடந்தபடி, வருகிற வலது கையை மட்டும் நீட்டிக்கொண்டு அவரும் சொல்வார். இடது வாயோரம் இழுத்திருந்ததால், 'வசதி' என்பது அவர் வாயில் 'வழதி' என்று வரும். அவர் சொல்லும்போதுதான் அது பொருத்தமாக இருந்தது.

அதுபோக, கம்ப்யூட்டரில் அவ்வப்போது ஒரு பெட்டி குதித்து வந்து, 'நீங்கள் வசதியாக இருக்கிறீர்களா?' என்று கேட்கும். முப்பது விநாடிக்குள் 'ஆம்' என்று அழுத்த வேண்டும். 'இல்லை' என்று ஒரு பொத்தான் கிடையாது.

பாண்டீஸ்வரி அடங்கித்தான் போனாள். கடைத்தெருவில் அலைந்து ஒரே நிறத்தில் சுடிதாரும் பேண்டுமாக மூன்று வாங்கினாள். அப்படியும் முதல் குறிப்பு வந்தது. மாமனாரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது பெட்டி வந்து, கேட்டு, காத்திருந்து, போய்விட்டது. 'ஊழியர் பகல் 11.20க்கு முப்பது விநாடிகள் வசதியாக இல்லை' என்று பதிவானது.

இரண்டாவது குறிப்பு சிவனாண்டியால் வந்தது. ஒரு நாள், பாண்டீஸ்வரி தலை முதல் கால் வரை வெளிர்பச்சையில் உட்கார்ந்திருக்க, பின்னால் திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலின் கால்மாடு தெரிந்தது. அதில் நீலக் கட்டம் போட்ட லுங்கிச் சாரம், சாரத்துக்குள் சிவனாண்டியின் கால். 'பின்னணியில் காணப்படும் உறவினர் ஒருங்கிணைக்கப்படவில்லை.'

"நாப்பது வருசமா சாரம் கட்டுதேன்," என்றார் சிவனாண்டி. "மில்லுல வெள்ளைக்கார மிசினு ஓட்டும்போதே எவனும் என்னைய ஒருங்கிணைக்கல."

"சிரிக்காதிய மாமா. இன்னும் ஒண்ணு வந்துச்சுன்னா மெட்ராஸ்தான்."

"போனா போவோம்."

"எதுல போவோம்? ஒங்கள மடியிலயா வச்சுக்கிட்டுப் போவேன்?"

அவர் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். சாத்தினால் அவருக்குக் காற்று வராது.

ஆனியில் புதிய சுற்றறிக்கை: 'வரும் வசதி தினம் முதல் ஊழியர்கள் ஒருங்கிசைவு இரட்டை மட்டுமே அணிய வேண்டும்.' அப்படியென்றால் என்னவென்று சுற்றறிக்கையைத் தமிழில் பெயர்த்தவருக்கே தெரியாது என்று கேள்வி. பாண்டீஸ்வரி உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். சத்யப்பிரியா என்ற பெண் எடுத்தாள். சின்னப் பெண், ஒரு மூச்சில் ஏழு வார்த்தை பேசுகிறவள். லைனில் பாதி கேட்டது, பாதியை மலைக்காற்று கொண்டுபோனது.

"அது கோ-ஆர்ட் செட் மேம்."

"என்னது? கோர்ட்டு செட்டா?"

"ஆமா மேம், கோ-ஆர்ட் செட். இப்ப எல்லாரும் அதான் மேம் போடுறாங்க."

"கோர்ட்டு செட்டையா? வீட்டுலயா?"

"வீட்டுக்குன்னே வந்ததுதான் மேம்."

"கறுப்புலயாம்மா?"

"கறுப்பு சேஃப் மேம். கறுப்பு, வெள்ளை ரெண்டுக்கும் கமிட்டில யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. காலர் வச்சு எடுத்துக்குங்க, ஆல் த பெஸ்ட்."

படித்த பிள்ளைக்கு இது கூடவா புரியாது என்று கேட்பவர்கள், அந்த நாற்பத்தொரு பக்கத்தைப் படித்ததில்லை. மாமனாரின் சாரத்தை ஒருங்கிணைக்கச் சொன்ன கம்பெனி, வீட்டில் வக்கீல் கோட்டு மாட்டச் சொல்வதில் அவளுக்குச் சந்தேகப்பட ஒன்றும் தெரியவில்லை. அடுத்தபடி அதுதான் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பாலம்மாளைக் கட்டிலுக்குக் காவல் வைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். கோர்ட்டு வாசலில் கடை வைத்திருக்கும் சுந்தரபாண்டியன்தான் அவளுக்குக் கல்யாண ரவிக்கை தைத்தவர். ரவிக்கை அவருக்குப் பக்கத்தொழில். ஜில்லாவில் பாதி வக்கீல்களின் முதுகு அளவு அவர் நோட்டில் இருந்தது.

"கோர்ட்டு செட்டா? எப்பம்மா வக்கீலுக்குப் படிச்சே?"

"படிக்கலண்ணே. ஆபீஸ்ல போடச் சொல்லுதாங்க."

"வீட்டுல இருந்து பாக்குற வேலைன்னுல்ல சொன்னாவ?"

"ஆமா. வீட்டுல போடத்தான். வசதியா இருக்குமாம்."

சுந்தரபாண்டியன் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். "முப்பது வருசமா தைக்கேன். கோட்டு வசதியா இருக்குன்னு சொன்ன ஒரு வக்கீலை நான் பாத்ததில்ல. சரி, கைய நீட்டு. கவுனு வேணுமா?"

"மேலயும் கீழயும் ஒண்ணாத் தெரியணும்ங்காங்க."

"அப்பம் கவுனு வேணும். கவுனு போட்டுட்டா ஆளே ஒண்ணாத்தான் தெரியும்."

புதன்கிழமை வாங்கிவந்தாள். பால்கோவா கடைப் பையில் மடித்துக் கொடுத்திருந்தார். கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையை மட்டும், அழுக்கானால் மாற்றிக்கொள்ளட்டும் என்று இரண்டாக வைத்திருந்தார்.

வசதி தினம். அனல் அடித்தது, கரண்டு வேறு இல்லை. கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் பேட்டரியில் ஓடின, பாண்டீஸ்வரி ஓட ஒன்றும் இல்லை. வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, கறுப்புக் கோட்டு, அதன்மேல் கவுன். கேமராவைப் போட்டாள். திரை முழுவதும் இருநூற்றுப் பதின்மூன்று பேர் வெளிர்ஊதாவிலும் சந்தனத்திலும் சட்டையும் பேண்டுமாகப் பூத்துக் கிடந்தார்கள். நடுவே ஒரு கட்டத்தில் பாண்டீஸ்வரி, கண்ணில் வேர்வை வடிய, கண்ணிமைக்காமல்.

கௌதம்ராஜ், "வசதி என்பது ஒரு மனநிலை. அதை ஊழியர்களிடம் விட்டுவிட முடியாது," என்று சொல்லிக்கொண்டே வந்தவர், 'முடியாது'வில் நின்றுவிட்டார்.

"பாண்டீஸ்வரி… மேடம்."

ஆறு வருசத்தில் முதல் மேடம்.

"சார்."

"இது… இந்த உடை… எங்கேருந்து?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் சார். கோர்ட்டு வாசல்ல."

கௌதம்ராஜ் தன் குரலை அணைத்துவிட்டு யாரிடமோ திரும்பிப் பேசினார். நாலே நிமிசத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. சட்டப் பிரிவு விக்னேஷ்வரன். அவருக்குத் தலைகூட வாரி முடியவில்லை.

"மேடம், உங்க தற்போதைய நிலைப்பாடு என்னன்னு தெரிஞ்சுக்கலாமா?"

நிலை என்ன என்று கேட்கிறார்களாக்கும் என்று நினைத்துப் பாண்டீஸ்வரி விறைப்பாக நின்று, உறுதிமொழிக் குரலில், "நான் வசதியா இருக்கேன் சார்," என்றாள்.

விக்னேஷ்வரன் அதைக் குறித்துக்கொண்டார். எதிர்த்தரப்பு வசதியாக இருக்கிறது. பிறகு மீட்டிங் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். உறுதிமொழி பாதியில் நின்ற முதல் நாள் அது.

அன்று மத்தியானமே இரண்டு குறிப்புகளும் வாபஸ் ஆயின. குதித்து வரும் பெட்டி வரவில்லை. சாயங்காலம் கௌதம்ராஜே தனியாகக் கூப்பிட்டார், கூடவே விக்னேஷ்வரன்.

"மேடம், நீங்க அவசரப்பட்டு எதுவும் செஞ்சிடக் கூடாது," என்றார் கௌதம்ராஜ். "இது ஒரு குடும்பம். இந்தக் குடும்பத்துல யாரையும் நாங்க வெளியே அனுப்பினதே இல்லை. அவங்களாவே போற மாதிரி பார்த்துக்குவோம். அதைப் பண்பாடுன்னு நினைக்கிறோம்."

"சரிங்க சார்."

"உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். ஒளிக்கிறதுல அர்த்தமில்லை. சென்னைல பதினோரு மாடியை ஒன்பது வருசத்துக்கு வாடகை பேசி எடுத்துட்டோம். மூணு மாடியிலதான் ஆள் இருக்கு. சும்மா வாங்கன்னா யாரும் வர மாட்டாங்க. வீட்டுல வசதியா இருக்காங்களே! அப்ப நாங்க எங்கே கை வைக்க முடியும்? வசதியிலதானே வைக்க முடியும்?"

விக்னேஷ்வரன் குறுக்கிட்டார். "ஆனா ஒண்ணு மேடம், சட்டப்படி எங்க மேல எதுவும் நிற்காது. ஊழியரை வசதியா இருக்கச் சொன்ன நிர்வாகத்தை எந்தக் கோர்ட்டும் தண்டிக்காது. அதுக்காகத்தான் அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தோம். நான் கொடுத்த வார்த்தை."

அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பாண்டீஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு எதுவும் தோன்றாமல், "ரொம்ப நன்றி சார்," என்றாள். அது அவர்களை இன்னும் கலக்கிவிட்டது.

"ஏத்தா," என்றார் சிவனாண்டி, கட்டிலிலிருந்து. "அவனுவ பயந்துட்டானுவ."

"எதுக்கு மாமா?"

"எதுக்கோ. நமக்கு எதுக்கு அது? கோட்டைக் கழத்திராத."

மூன்று வாரம் கழற்றவில்லை. பாலம்மாள் அதற்குள் தெருவையே கூட்டிவிட்டாள். "ராவோட ராவா படிச்சிருக்கா பாரு, கமுக்கமா! புருசன் பட்டாளம், இவ வக்கீலு. நம்மகிட்ட ஒரு வார்த்த சொன்னாளா?" மேலத்தெரு மாரிக்கனி, கொழுந்தன் பாதையை மறித்துக் கக்கூஸ் கட்டிவிட்டானென்று பத்திரத்தோடு வந்து உட்கார்ந்தாள். பாண்டீஸ்வரி எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. உள்ளேயிருந்து சிவனாண்டி, "வக்கீலம்மா மீட்டிங்ல இருக்கா. பத்திரத்த வச்சுட்டுப் போ, பாத்துச் சொல்லுவா," என்று குரல் கொடுத்தார். மூன்று வருசத்தில் அவருக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். நன்றாகத்தான் பார்த்தார். கதவு திறந்திருந்தது. காற்று வந்தது. நீலக் கட்டச் சாரம் சென்னை வரைக்கும் தெரிந்தது. யாரும் ஒருங்கிணைக்கச் சொல்லவில்லை.

நாலாவது வாரம் சத்யப்பிரியா போன் போட்டாள். அழுதாள். அழும்போதும் வேகமாகத்தான் பேசினாள்.

"மேம், நான் உங்களைக் கோர்ட்டுக்குப் போகச் சொன்னேன்னு சொல்றாங்க மேம். நம்ம பேசின ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டுறாங்க. நாளைக்கு மீட்டிங்ல வச்சு என்னை வேலையை விட்டு எடுக்கப் போறாங்க. நான் டிரஸ்ஸத்தானே மேம் சொன்னேன்?"

"ஆமா, கோர்ட்டு செட்டுதான சொன்னே? நானும் போட்டுட்டுத்தான இருக்கேன்."

ஒரு நிமிசம் அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"மேம்… கோ-ஆர்ட் மேம். கோ. ஆர்ட். மேலே சட்டை, கீழே பேண்ட், ரெண்டும் ஒரே துணில ஜோடியா வருமே… நீங்க என்ன மேம் போட்டிருக்கீங்க?"

பாண்டீஸ்வரி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். கழுத்துப் பட்டையை மெதுவாக அவிழ்த்தாள். பயந்தவர்கள் எதற்குப் பயந்தார்கள், மேடம் எங்கிருந்து வந்தது, காற்று எதனால் வந்தது எல்லாம் அந்தப் பட்டையோடு சேர்ந்து கையில் வந்தன.

சிவனாண்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார்.

"ஏத்தா, வாயத் திறக்காத."

"அந்தப் பிள்ளைக்கு வேல போயிரும் மாமா."

"சின்னப் பிள்ளதான, வேற தேடிக்கிடும்."

"செய்யாத தப்புக்குல்ல போவுது?"

அவர் மேலே ஓடாத ஃபேனைப் பார்த்தார். பேச்சில் கேலி இல்லை. "நீ போயிட்டா என்னைய யாரு திருப்பிப் போடுவா?"

நேரமாகியிருந்தது. பாண்டீஸ்வரி எழுந்துபோய் அவரைத் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் மீட்டிங்கில் சத்யப்பிரியாவின் ஒழுக்கக்கேடு பற்றிக் கௌதம்ராஜ் எட்டு நிமிசம் பேசினார். நிர்வாகத்தின் முதுகில் குத்தியவள் என்றார். ஒன்பதாவது நிமிசத்தில் பாண்டீஸ்வரி கையைத் தூக்கினாள். கோட்டோடுதான் இருந்தாள்.

"சொல்லுங்க மேடம், சொல்லுங்க."

"சார், அந்தப் பிள்ள என்னைக் கோர்ட்டுக்குப் போகச் சொல்லல. கோ-ஆர்ட் செட்டு போடச் சொன்னா. எனக்குக் கோர்ட்டு செட்டுன்னு காதுல விழுந்துருச்சு. டெய்லர்ட்ட போய்த் தச்சுட்டேன். அம்புட்டுத்தான் சார். வேற ஒண்ணுமில்ல."

முதலில் சிரித்தது விக்னேஷ்வரன். நாலு வாரத்துச் சிரிப்பு அது. கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கட்டம் கட்டமாக எல்லாரும். சத்யப்பிரியாவும் சிரித்தாள், வேலை தப்பிய சிரிப்பு, அதைக் குறை சொல்ல முடியாது. கௌதம்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப கேஸ் எதுவும் போடலையா?"

"இல்ல சார்."

"போடுற எண்ணம்?"

"இல்ல சார்."

"தெளிவா சொல்லுங்க. பதிவாகுது."

"இல்ல சார்."

"நன்றி, பாண்டீஸ்வரி," என்றார். மேடம் போய்விட்டது.

மூன்றாவது குறிப்பு மத்தியானத்துக்குள் வந்தது. 'உடை வசதிக் கொள்கையை உடையால் கேலி செய்தமை.' வாபஸ் வாங்கிய இரண்டையும் வாபஸிலிருந்து வாபஸ் வாங்கியிருந்தார்கள். பாண்டீஸ்வரி ஒரு கோரிக்கை எழுதினாள். மாமனார் நிலை, டாக்டர் சீட்டு, புருஷனின் பட்டாளத்து முகவரி எல்லாம் வைத்து, ஒரு கையெழுத்து குறையாமல், ஒரு தேதி மாறாமல் அனுப்பினாள். எந்தக் காகிதம் குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்?

தெருவில் அதற்குள் கதை மாறிவிட்டது. மாரிக்கனி வந்து பத்திரத்தை வாங்கிக்கொண்டு போனாள். "வக்கீலு இல்லாம வக்கீலு கோட்டைப் போட்டா உள்ள தூக்கிப் போட்டுருவாங்களாம்ல?" என்று பாலம்மாள் அக்கறையாக விசாரித்தாள். சிவனாண்டியைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று பாண்டீஸ்வரி கேட்டதும், அவளுக்கு மகள் வீட்டுக்குப் போகவேண்டிய வேலை ஞாபகம் வந்துவிட்டது.

பதில் வெள்ளிக்கிழமை வந்தது. பாண்டீஸ்வரி சூரியகாந்தி நைட்டியில் இருந்தாள். இனி யாருக்காக மாற்ற? துண்டை மட்டும் சரியாகப் போட்டுக்கொண்டு, அதைத் திறந்தாள். வரும் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குச் சென்னை அலுவலகம், ஏழாம் மாடி. அலுவலகத்தில் உடைக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, விரும்பிய உடையில் வரலாம். கீழே கையெழுத்து: சத்யப்பிரியா, உதவி மேலாளர். பதவி உயர்ந்திருந்தது.

"என்ன போட்டிருக்கான்?" என்றார் சிவனாண்டி.

பாண்டீஸ்வரி வாசித்தாள். "தங்கள் நிலையை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். எனினும் விதிமுறைகளின்படி தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை. இதற்காக மிகவும் வருத்துகிறோம்."

"வருந்துகிறோம்னுல்ல வரணும்?"

"இல்ல மாமா," என்றாள். "சரியாத்தான் போட்டிருக்காங்க."